இறுகிப்போன சேனல் குமிழ்: பழைய டிவியின் டர்ரெட் டியூனரைப் பிரித்துச் சரிசெய்வது எப்படி?

நல்ல நிலையில் இருக்கும் டர்ரெட் டியூனரை, அதாவது சேனல் குமிழுக்குப் பின்னால் இருந்து சேனலைத் தேர்ந்தெடுக்கும் பகுதியை, திருப்பினால் ஒவ்வொரு சேனலிலும் கனமாக ஒரு 'டக்' விழும். காதுக்குக் கேட்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். பல ஆண்டுகள் பரணில் கிடந்த செட்டில் அந்த டக் போயிருக்கும். குமிழ் கல் மாதிரி நிற்கும், அல்லது களிமண்ணைப் பிசைவதுபோல இழுத்து இழுத்துச் சுழலும். பலர் இந்த இடத்தில்தான் குறடு எடுத்துத் திருகி தண்டையோ பல்சக்கரத்தையோ உடைத்துவிடுகிறார்கள். ஆனால் இப்படி இறுகிய டியூனர்களில் பெரும்பாலானவற்றில் எந்த உறுப்பும் பழுதாகியிருப்பதில்லை. உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுச் செட்டுகளில் இது அதிகம் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. மெட்ராஸில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன்பின் பல ஆண்டுகளுக்குப் பார்க்கக் கிடைத்தது ஒரே அலைவரிசைதான். குமிழில் 2 முதல் 12 வரை எண்கள் இருந்தாலும் வீட்டில் யாரும் அதைத் திருப்பவில்லை. திருப்ப வேண்டிய தேவையும் இல்லை. இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினி எட்டிய ஊர்க்காரர்கள் மட்டும் குமிழுக்கு வேலை கொடுத்தார்கள். ஆக, பெரும்பாலான செட்டுகளில் டியூனர் ஒரே எண்ணில் நின்றபடியே கிரீஸ் இறுகிவிட்டது. சாலிடேர், டயனோரா, ஈ.சி. என்று பெயர் பொறித்த மரப்பெட்டி கருப்பு-வெள்ளை செட்டு உங்கள் வீட்டில் இருந்து, அதில் பொத்தான் இல்லாமல் சுழலும் குமிழ் இருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான்.

உள்ளே என்ன இருக்கிறது

டர்ரெட் டியூனர் ஒரு சிறிய தகரப் பெட்டி. அதற்குள் ஓர் உருளை. உருளையைச் சுற்றிப் பொதுவாக 12 பட்டிகள் செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு பட்டியும் ஒரு சேனலுக்கான காயில்களை (கம்பிச் சுருள்களை) சுமக்கும். பட்டியின் வெளிப்பக்கத்தில் வெள்ளி முலாம் பூசிய சிறு பொத்தான்கள் வரிசையாக இருக்கும். பெட்டியின் சுவரில் பாஸ்பர் வெண்கலத்தாலான மெல்லிய நாக்குகள் நிற்கும். குமிழைத் திருப்பும்போது உருளை சுழன்று, வேண்டிய சேனலின் பொத்தான்கள் அந்த நாக்குகளில் வந்து அமர்கின்றன. சேனல் மாற்றுவது என்றால் ஒரு காயில் தொகுதியைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது, அதையும் ஒரே திருப்பில் செய்வது. பொறியாளர்கள் எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள் என்று திறந்து பார்க்கும்போது புரியும்.

உருளையின் ஒரு முனையில் பள்ளங்கள் வெட்டிய சக்கரம் இருக்கும். ஒரு எஃகுப் பட்டை ஸ்பிரிங், அதன் நுனியில் ஒரு சிறு உருளி. உருளி பள்ளத்தில் விழும்போதுதான் அந்த 'டக்'. இதுதவிர, சேனலை நுணுக்கமாகச் சரிசெய்யும் ஃபைன் டியூனிங்குக்கு ஒரு தனித் தண்டு, சேனல் தண்டின் உள்ளேயோ வெளியேயோ போகும். ஒன்றுக்குள் ஒன்று செருகிய அந்த இரண்டு தண்டுகளுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் கிரீஸ் காய்ந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாக் குமிழ் டியூனரும் டர்ரெட் அல்ல. சிலவற்றில் உருளைக்குப் பதில் வட்டத் தட்டுகளாலான சுவிட்ச் இருக்கும், காயில்கள் அந்தத் தட்டுகளைச் சுற்றியே பற்ற வைக்கப்பட்டிருக்கும். அந்த வகையைப் பிரிக்க வேண்டாம். தண்டின் தாங்கியையும் பள்ளச் சக்கரத்தையும் சுத்தம் செய்து, தட்டுகளின் தொடுமுனைகளில் ஓரிரு சொட்டு கிளீனர் விட்டு முன்னும் பின்னும் சுழற்றினால் போதும்.

திறப்பதற்கு முன் பாதுகாப்பு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஆர்வத்தோடு திறந்த நல்ல கைகள் அடிபட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய செட்டுகள் பலவற்றில் மின்மாற்றி கிடையாது. வீட்டு மின்சாரத்தின் ஒரு முனை நேராகச் சாசியோடு, அதாவது செட்டின் உலோகச் சட்டத்தோடு, சேர்ந்திருக்கும். பிளக்கை மாற்றிச் செருகினால் சாசி முழுக்க 230 வோல்ட். டியூனரின் தண்டும் அதே சாசியைத் தொட்டுக்கொண்டிருப்பதால்தான் குமிழ் பிளாஸ்டிக்கில் இருக்கிறது. ஆகவே பிளக்கைச் சுவரிலிருந்து உருவாமல் குமிழைக்கூடக் கழற்றக் கூடாது. சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

அடுத்தது பிக்சர் டியூப். 20 அங்குல கருப்பு-வெள்ளை டியூபின் ஆனோடில் (உயர் அழுத்தம் நுழையும் முனையில்) 10,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். டியூபே மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கண்டென்சர் என்பதால் அணைத்த பிறகும் மின்னூட்டம் நிற்கும். டியூனர் பெரும்பாலும் டியூபின் பக்கவாட்டிலேயே இருப்பதால் உங்கள் கை அதன் அருகில் போயே தீரும். டியூபின் வெளிப்புறக் கருப்புப் பூச்சைச் சுற்றி ஓடும் பின்னல் கம்பியில் ஒரு ஒயரின் முனையைக் கவ்வ வையுங்கள். மறுமுனையைக் கைப்பிடி நன்கு காப்பிடப்பட்ட நீளமான தட்டைத் திருப்புளியில் இணையுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின் வைத்துக்கொண்டு, திருப்புளியின் நுனியை ஆனோடு ரப்பர் மூடிக்குள் செருகுங்கள். சில நிமிடம் கழித்து மறுபடியும் செய்யுங்கள், மின்னூட்டம் கொஞ்சம் திரும்ப ஊறும். டியூபின் கழுத்தில் எதுவும் மோதக் கூடாது. உள்ளே வெற்றிடம், உடைந்தால் கண்ணாடி சிதறும்.

தனியாக இருக்கும்போது இந்த வேலையில் இறங்காதீர்கள். உயர் அழுத்தத்தில் கை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தை மட்டுமாவது அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு முடித்துக்கொள்ளுங்கள். டியூனர் வெளியே வந்தபின் மற்றதெல்லாம் சாப்பாட்டு மேசையில் செய்யக்கூடிய வேலை.

கோளாறு எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள்

குமிழ் சுழன்றும் சேனல் மாறவில்லை என்றால், குமிழுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கழுத்து பிளந்திருக்கலாம். குமிழைக் கழற்றித் தண்டைத் துணி சுற்றிய விரல்களால் திருப்பிப் பாருங்கள். தண்டு நன்றாகச் சுழன்றால் டியூனரைத் தொடவே வேண்டாம். பிளந்த கழுத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை இறுக்கிக் கட்டி ஒட்டினால் வேலை முடிந்தது.

சேனல் குமிழைத் திருப்பும்போது ஃபைன் டியூனிங்கும் கூடவே சுழன்றால் இரண்டு தண்டுகளும் ஒட்டியிருக்கின்றன. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கம் என்றால் தாங்கியில் கிரீஸ் காய்ந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட எண்ணில் மட்டும் முட்டி நின்றால் பலம் போடாதீர்கள். அங்கே ஒரு பட்டி இடம் பெயர்ந்திருக்கும் அல்லது ஒரு நாக்கு வளைந்து பட்டியின் விளிம்பில் மாட்டியிருக்கும். அதை மீறித் திருப்பினால் நாக்கு ஒடிந்துவிடும், அதற்கு மாற்று கிடைப்பது மிகக் கடினம்.

தேவையானவை

ஐசோப்ரோபைல் ஆல்கஹால், கொஞ்சம் மண்ணெண்ணெய், பஞ்சுக்குச்சிகள், பழைய பல்துலக்கி, பென்சில் ரப்பர், பழைய விசிட்டிங் கார்டுகள், வெள்ளை லித்தியம் கிரீஸ், தையல் மெஷின் எண்ணெய், வாசலின், தலைமுடி உலர்த்தி, மூங்கில் குச்சி ஒன்று, படம் எடுக்க செல்போன். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்தால் இவற்றில் வீட்டில் இல்லாதது கிடைத்துவிடும்.

பெட்ரோல், தின்னர், அசிட்டோன் இம்மூன்றும் மேசைக்கே வரக் கூடாது. காயில் சுற்றியிருக்கும் குழல்கள் பல செட்டுகளில் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அந்தத் திரவங்கள் பட்டால் கரைந்துவிடும். ஓட்டை வழியாகப் பீய்ச்சும் துரு நீக்கி ஸ்பிரேயும் வேண்டாம். நான் சரிசெய்ய முயன்ற முதல் டியூனரில் அதைத்தான் செய்தேன். குமிழ் உடனே இளகியது, மனம் குளிர்ந்தது. சில வாரத்தில் அந்த எண்ணெய் பழைய கிரீஸோடு கலந்து, தூசியையும் சேர்த்துக்கொண்டு, தொடுமுனைகள் முழுக்கப் பசையாகப் படிந்துவிட்டது. படம் வராமல் போனது. முழுதாகப் பிரித்துக் கழுவ எனக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது.

டியூனரை வெளியே எடுத்தல்

குமிழைத் திருப்புளியால் நெம்பாதீர்கள், முன்பக்கப் பலகை கீறிவிடும். குமிழுக்குப் பின்னால் ஒரு கெட்டியான நாடாவைச் சுற்றி இரு முனைகளையும் சேர்த்து நேராக இழுங்கள். வராவிட்டால் குமிழின் பக்கவாட்டைப் பாருங்கள். சிறு துளையில் மெழுகு அடைத்திருந்தால் உள்ளே ஒரு திருகு இருக்கிறது.

பின்மூடியைக் கழற்றியதும், எதையும் தொடுவதற்கு முன், டியூனருக்குப் போகும் ஒயர்களைப் பல கோணத்தில் படம் எடுங்கள். ஆண்டெனாவிலிருந்து வரும் பட்டை ஒயர், ஐ.எஃப். பகுதிக்கு (டியூனர் தரும் இடைநிலை அலைவெண் சிக்னலைப் பெருக்கும் பகுதிக்கு) போகும் கோ-ஆக்சியல் கேபிள், மின் ஒயர், சிக்னல் பலத்தைத் தானாகச் சீராக்கும் ஏ.ஜி.சி. ஒயர், கண்ணாடிக் குழாய்களாலான வால்வு டியூனர் என்றால் ஹீட்டர் ஒயர்கள். பல செட்டுகளில் இவை போதிய நீளம் இருப்பதால் பற்றவைப்பைக் கழற்றாமலேயே டியூனரைப் பெட்டிக்கு வெளியே இழுத்து வைக்க முடியும். முடிந்தால் அப்படியே செய்யுங்கள். கழற்ற வேண்டியிருந்தால் ஒவ்வொரு ஒயரிலும் எண் எழுதிய காகிதத்தை ஒட்டுங்கள். வால்வுகளை உருவி, எது எந்த இடம் என்று குறித்து வையுங்கள்.

உருளையைக் கழற்றுதல்

தகர மூடியைத் திறந்ததும் ஒரு சத்தியம் செய்துகொள்ளுங்கள்: காயில்களை விரலால் தொட மாட்டேன். 12ஆம் சேனலின் படக் கேரியர், அதாவது படத்தைச் சுமந்து வரும் அலை, 224.25 மெகாஹெர்ட்ஸ். ஐ.எஃப். 38.9. இரண்டையும் கூட்டினால், டியூனருக்குள்ளேயே அலையை உண்டாக்கும் உள்ளூர் ஆசிலேட்டர் 263.15 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். அதற்கான காயில் சில சுற்றுகளே. சுற்றுகளுக்கு இடையே அரை மில்லிமீட்டர் விலகினாலும் சேனல் வேறு எங்கோ போய்விடும். காயில் கோணலாகத் தெரிந்தாலும் அதைத் 'சரி'செய்யாதீர்கள். தொழிற்சாலையில் ஒருவர் வேண்டுமென்றே அப்படி வளைத்திருப்பார்.

குமிழ் இன்னும் கல்லாக நின்றால், முன்தாங்கியின் மேல் தலைமுடி உலர்த்தியை இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள், மிதமான சூட்டில், பிளாஸ்டிக் பக்கம் படாமல். கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு வகை சோப்பு. காலப்போக்கில் எண்ணெய் வெளியேறி, எஞ்சிய சோப்பு மெழுகாக இறுகிவிடுகிறது. பித்தளையோடு சேர்ந்த இடத்தில் பச்சையாகவும் மாறியிருக்கும். சூடு பட்டதும் இளகும். பிறகு தாங்கியில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, பத்து நிமிடம் பொறுத்து, சிறிது சிறிதாக இருபுறமும் அசையுங்கள்.

உருளை பொதுவாக முன்னும் பின்னும் கம்பி ஸ்பிரிங்குகளால் பிடிக்கப்பட்டிருக்கும். முதலில் பள்ளச் சக்கரத்தின் பட்டை ஸ்பிரிங்கை விடுவியுங்கள். அது இழுவிசையில் இருக்கிறது, துணியால் மூடிக்கொண்டு செய்யுங்கள், உருளி துள்ளிப் போனால் தேடிக் கிடைக்காது. பிறகு தண்டின் கம்பிகளை அழுத்தி நகர்த்தினால் உருளை நேராக மேலே வரும். வரும்போது நாக்குகளில் உரசாமல் தூக்குங்கள்.

பட்டிகளை எல்லாம் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினால் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எண் எழுதிய பிறகே கழற்றுங்கள். சில டியூனர்களில் ஒரு சேனலுக்கு இரண்டு பட்டிகள், முன்னொன்றும் பின்னொன்றும். அவை மாறிப் போனால் பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு.

சுத்தம் செய்தல்

தாங்கிகள், தண்டுகள், பள்ளச் சக்கரம், உருளி ஆகியவற்றை மண்ணெண்ணெய் தொட்ட பல்துலக்கியால் தேய்த்து, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். இரட்டைத் தண்டைப் பிரிக்க முடிந்தால் பிரித்து, உள்தண்டு தன் எடையிலேயே வழுக்கி விழும் அளவுக்குத் துடையுங்கள். உருளி அதன் அச்சில் தடையின்றிச் சுழல வேண்டும். சுழலாமல் உரசிக்கொண்டிருந்த உருளியில் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். ஆழமாகத் தேயாவிட்டால் அப்படியே பயன்படுத்தலாம்.

தொடுமுனைகளுக்கு வருவோம். வெள்ளி முலாம் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுத்திருக்கும். ஒரே சேனலில் நின்ற செட்டில் அந்த ஒரு பட்டி மட்டும் பளபளப்பாகவும் மற்றவை கருப்பாகவும் இருப்பதைப் பார்க்கலாம். குமிழ் இளகிய பிறகு மற்ற சேனல்களில் படம் நடுங்குவதற்கு இந்தக் கருப்புதான் காரணம். உப்புத்தாள் வேண்டாம். முலாம் மிக மெல்லியது, ஒரு தேய்ப்பில் பித்தளை தெரிந்துவிடும். விசிட்டிங் கார்டை மெல்லிய பட்டையாக வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, ஒவ்வொரு பொத்தானையும் தேய்த்தால் பெரும்பகுதி வந்துவிடும். விடாப்பிடியானவற்றுக்குப் பென்சில் ரப்பர். ரப்பர் துகள் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது.

நாக்குகளை ஒரே மட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் மழுங்கிய ஊசியால் அடியிலிருந்து மயிரிழை அளவு தூக்குங்கள். ஒருமுறை, ஒரே திசையில். முன்னும் பின்னும் வளைத்தால் உலோகம் களைத்து ஒடியும்.

ஃபைன் டியூனிங் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக நினைவில் நிற்கும் வகையானால், பட்டியின் முனையில் பித்தளைத் திருகு ஒன்று காயிலுக்குள் ஏறி இறங்கும். யாரோ அளவுக்கு மீறித் திருப்பியதில் அது கழன்று உள்ளே விழுந்திருப்பது வழக்கம். வெளியே எடுத்து, அதைப் பிடித்திருக்கும் சிறு கம்பி ஸ்பிரிங்கில் மறுபடி பல் பிடிக்க வையுங்கள்.

மசகு, மீண்டும் பூட்டுதல்

தாங்கிகளிலும் பள்ளச் சக்கரத்திலும் லித்தியம் கிரீஸ், கடுகளவு. உருளியின் அச்சில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய். பொத்தான்களில் வாசலினை விரலில் தொட்டு, துணியில் துடைத்து, எஞ்சிய பிசுபிசுப்பை மட்டும் தடவுங்கள். உரசலைக் குறைக்கும், காற்றையும் கொஞ்சம் தடுக்கும். அதற்கு மேல் போடும் எதுவும் தூசியைத்தான் சேர்க்கும்.

எடுத்த வரிசைக்கு நேர் எதிராகப் பூட்டுங்கள். மூடியைப் போடுமுன் இருபுறமும் இருபது சுற்று சுழற்றுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பொத்தான்கள் நாக்குகளின் நடுவில் அமர்கின்றனவா என்று பாருங்கள்.

சிக்னல் இல்லாமலே சோதிப்பது

பல்லாண்டு கிடந்த செட்டை நேராகச் சுவரில் செருகாதீர்கள். 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்த சீரிஸ் போர்டு வழியாகக் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் வேறெங்கோ ஷார்ட். உடனே பிளக்கை உருவுங்கள்.

பழைய அனலாக் ஒளிபரப்பு நம் ஊர்களில் நின்றுவிட்டதால் டியூனர் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? இதற்கு நான் மிகவும் விரும்பும் வழி ஒன்று: ஒரு எஃப்.எம். ரேடியோ. 4ஆம் சேனலின் படக் கேரியர் 62.25. அதோடு 38.9ஐக் கூட்டினால் 101.15. டியூனரின் ஆசிலேட்டர் எஃப்.எம். பட்டைக்குள்ளேயே ஓடுகிறது! ரேடியோவை செட்டின் அருகில் வைத்து 101 பக்கம் நிலையமில்லாத இடத்தில் இரைச்சலைக் கேட்டபடி மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கும். சேனல் குமிழை மாற்றினால் இரைச்சல் திரும்பும், 4க்கு வந்தால் மறுபடி அடங்கும். ஃபைன் டியூனிங்கைத் திருப்பினால் அடங்கும் இடமும் நகரும். சென்னையில் 101.4இல் ரெயின்போ எஃப்.எம். நிலையம் பலமாக இருப்பதால், ஃபைன் டியூனிங்கைத் திருப்பி அடங்கும் இடத்தை அதிலிருந்து தள்ளி வைத்துக் கேளுங்கள். முதல்முறை அந்த அமைதியைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

அடங்கும் இடம் ஓரிரு மெகாஹெர்ட்ஸ் விலகியிருந்தால் அந்தச் சேனலின் ஆசிலேட்டர் திருகைச் சற்றே திருப்ப வேண்டும். பல டியூனர்களில், பிளக்கை உருவிவிட்டுக் குமிழைக் கழற்றினால் முன்பக்கத் துளை வழியாகவே அது எட்டும். இரும்புத் திருப்புளி உள்ளே போனாலே அலைவெண் மாறிவிடும். மூங்கில் குச்சியின் நுனியைத் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். செட்டு மின்சாரத்தில் இருக்கும் நேரத்தில் கை நீட்டுகிறீர்கள் என்பதால் உலோகம் கூடாது என்பதற்கு இரண்டாவது காரணமும் இருக்கிறது.

படம் பார்க்க, கேபிள் ஆபரேட்டர்கள் முன்பு பயன்படுத்திய மாடுலேட்டர் (வீடியோவை டிவி சேனல் சிக்னலாக மாற்றும் கருவி) பழைய சாமான் கடையில் கிடைத்தால் அதுவே சிறந்தது. அமெரிக்க முறைப்படியான மாடுலேட்டரில் 3ஆம் சேனல் என்பது 61.25. நம் செட்டில் 4ஐ வைத்து ஃபைன் டியூனிங்கால் படத்தைப் பிடித்துவிடலாம். ஆனால் அதன் ஒலி படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். நம் செட்டு எதிர்பார்ப்பது 5.5. ஆகவே ஒலி கேட்காது, செட்டின் கோளாறு என்று நினைத்துத் தேடாதீர்கள். மாடுலேட்டரின் 75 ஓம் கேபிளை ஒரு பாலன் (75 ஓமை 300 ஓமுக்குப் பொருத்தும் சிறு இணைப்பி) வைத்துப் பின்பக்க 300 ஓம் ஆண்டெனா முனைகளில்தான் இணைக்க வேண்டும். நேராக டியூனரில் பற்ற வைக்காதீர்கள். அந்த முனைகளுக்குப் பின்னால் உள்ள சிறு கண்டென்சர்கள்தான் சாசியின் மின்சாரம் ஆண்டெனாவுக்கு வராமல் தடுக்கின்றன.

எல்லாம் சரியென்றால் பிளக்கை உருவி, பின்மூடியைப் போட்டு, குமிழை மாட்டுங்கள். பக்கத்துளையில் திருகு இருந்தால் அதன் மேல் மெழுகுவர்த்தியிலிருந்து இரண்டு சொட்டு விட்டு மூடிவிடுங்கள். அந்தத் திருகு சாசியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, குமிழைத் திருப்ப வரும் குழந்தையின் விரல் அதைத் தொடக் கூடாது.